இடது பக்கத்து வானம்

அந்த விமானம் முதல் தடவை காணாமல் போனபோது அவருடைய தலைக்கு மேலேதான் இருந்தது.

கையிலிருந்த ரிமோட்டில் ஒரு சின்ன விசையைத் தட்டுவதற்காகக் குனிந்தார். ஒரு நொடி, மிஞ்சிப் போனால் இரண்டு. நிமிர்ந்து பார்த்தால் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"எங்கடா போச்சு?" என்றார்.

பத்தடி தள்ளி நின்ற கூட்டாளி கையை நீட்டினான். "அதோ இருக்குண்ணே. தலைக்கு மேல, கொஞ்சம் இடதுல."

அவர் கழுத்தைத் திருப்பித் துழாவினார். இருந்தது. வெள்ளை இறக்கையை விரித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"மேகமும் வெள்ளை, ரெக்கையும் வெள்ளை. எப்படித் தெரியும்?" என்றார். கூட்டாளி அண்ணாந்து பார்த்தான். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை.

அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். இருபத்தொரு வருடமாக அதுதான் வேலை. காலையில் சோற்று டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, கோபுரத்தின் உள்ளே செங்குத்தாகப் போகும் ஏணியில் ஏறுவார். உச்சியில் ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு. தரையும் கண்ணாடி. காலுக்குக் கீழே பதினெட்டு மாடி ஆழம். ஏறினால் மாலையில்தான் இறக்கம். அதனால் கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு 'மேல்வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மேல்வீடு இறங்கியாச்சா?" "மேல்வீட்டுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல போல, கொக்கி ஆடுது." அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். இருபத்தொரு வருடத்தில் அவர் தூக்கிய சுமை யார் மேலும், எதன் மேலும் உரசியதில்லை. இதை அவராக யாரிடமும் சொன்னதில்லை. வேறு யாராவது சொன்னால் தடுத்ததுமில்லை.

அந்தக் கூட்டாளிக்குப் பெயர் விசில். கிரேனுக்குக் கீழே தரையில் நின்று, எதை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்கிற சிக்னல்காரன். வாக்கி-டாக்கி வருவதற்கு முன்னால் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் பக்கத்துத் தெருவில் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். எட்டு வருடமாக இருவரும் ஒரே ஜோடி. பகல் முழுக்க அவர் காதில் ஒலிப்பது விசிலின் குரல்தான்.

"என்கிட்ட பேசினதைவிட அவர்கிட்ட பேசினதுதான் அதிகம். பேசாம அவரையே கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி. அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்கத் தொலைபேசியில் ஊர்க்காரர்களின் ஏச்சைக் கேட்டுவிட்டு வருபவள். வீட்டில் சுருக்கமாகத்தான் பேசுவாள், பேசினால் தைக்கும்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் ஓர் அறையும் ஒரு மேசையும் சும்மா கிடந்தன. அவளுக்கு வரைபடக் கருவிப் பெட்டி வாங்கப் போன கடையில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தார். மோட்டார் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் கிளைடர். நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும், ரிமோட்டில் திருப்பலாம். அந்த அலமாரியிலேயே மலிவானது. மூலை நசுங்கியிருந்ததால் கடைக்காரர் அதிலும் குறைத்துக் கொடுத்தார்.

அவருக்குக் காற்றைத் தெரியும். கூண்டின் மேல் சுழலும் காற்றுமானியைப் பார்க்காமலே, இரும்பு முனகுவதை வைத்து வேகத்தைச் சொல்வார். மத்தியான வேளைகளில் பருந்துகள் இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல், அவர் ஜன்னலோரமாகவே மேலே மேலே ஏறிப் போகும். பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்ததும் அவருக்கு அந்தப் பருந்துகளின் நினைப்புத்தான் வந்தது.

உள்ளே தக்கை போன்ற லேசான மரத் தகடுகள். வெட்டிய ஓரங்கள் கருகி வாசனை அடித்தன. இறக்கைக்குள் வைக்க விலா எலும்பு மாதிரி நாற்பது துண்டுகள். வாலைத் திருப்பத் தீப்பெட்டி அளவில் இரண்டு குட்டி மோட்டார். விளக்கத்தாள் ஒரே ஒரு பக்கம். அதில் ஆறாம் படிக்கு அப்புறம் நேராக எட்டு. ஏழாவதைக் காணவே காணோம். "அந்த ஏழாவதுலதான் 'இதை வாங்காதீங்க'ன்னு போட்டிருப்பான்" என்றாள் மனைவி.

ஒரு மாதம், தினமும் மாலை இரண்டு மணி நேரம். வரைபடத்தின் மேல் பாலிதீன் விரித்து, குண்டூசியால் துண்டுகளைப் பிடித்து, சொட்டுச் சொட்டாகப் பசை வைத்து ஒட்டினார். மேலே போர்த்தும் வெள்ளைத் தாளைச் சூடு காட்டித்தான் இழுக்க வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டி அதற்குப் பலியானது. மனைவியின் அலுவலகத் துணியில் தோள்பட்டையில் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. கடைசியில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனியை வைத்துத் தூக்கி, முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிறவரை மூக்குக்குள் ஈயத் துண்டு போட்டார். இரண்டு மீட்டர் இறக்கை, எழுநூறு கிராம் எடை. பெருவிரலால் அழுத்தினால் குழிந்துவிடும் அளவுக்கு மென்மை.

ஊருக்கு வெளியே வீட்டு மனைகளாகப் பிரித்து, கல் நட்டு, யாரும் வீடு கட்டாமல் விட்ட வெட்டவெளி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் விசிலும் அங்கே போனார்கள். ரப்பர் கயிற்றை ஒரு மனைக்கல்லில் கட்டி, பின்னுக்கு இழுத்து விட்டால் கிளைடர் காற்றாடி போலச் செங்குத்தாக ஏறி, உச்சியில் கயிற்றைக் கழற்றிவிட்டு மிதக்கும். முதல் நாள் அது மூன்று நிமிடம் மேலே நின்றபோது, ஐம்பதை நெருங்கிய அந்த மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது காணாமல் போனது.

அடிப்பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டினார். அப்படியும் தொலைந்தது. குறுக்கே ஆரஞ்சுப் பட்டை போட்டார். தொலைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பினால் இருக்காது. அதுவும் எப்போதும் இடது மேல்பக்கம். 'விமானம் இடது பக்கமா இழுக்குது, நேரா போறதில்ல' என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார். வாலைப் பெரிதாக வெட்டி மாற்றினார். இறக்கையில் முறுக்கு இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். முறுக்கு இல்லை. இருந்தாலும் பிரித்து ஒட்டினார்.

"சின்னதா இருக்கிறதாலதான் தெரியல" என்று பிறகு தோன்றியது. ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம் நீட்டினார். நீட்டிய இறக்கை நடுவில் வளைந்தது. உள்ளே கார்பன் குழாய் செருகினார். இறக்கை பெரிதானதும் கொஞ்சம் காற்று அடித்தாலே பின்னுக்குத் தள்ளியது. காற்றைக் கிழித்துப் போக எடை வேண்டும் என்று அடிவயிற்றில் ஒரு குழல் வைத்து, அதற்குள் எட்டு மில்லிமீட்டர் கட்டடக் கம்பியை வெட்டிப் போட்டார். எடை கூடியதும் இறங்கும்போது மூக்கு உடைந்தது. கெட்டியான மரக்கட்டையைச் செதுக்கி, மேலே கண்ணாடி நார்த் துணி சுற்றிப் பிசின் பூசினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஐந்தாறு மாதத்தில் அது ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது.

விசில் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான். மூக்கை நகத்தால் தட்டினான். 'டக் டக்' என்றது.

"இது என்னண்ணே, பிளேனா, கடப்பாரையா?"

"காத்துல நிக்கணும்ல."

"நிக்கிறது இருக்கட்டும். விழுந்தா?"

"ஏன்டா விழும்? நான்தானே ஓட்டறேன்."

வீட்டில் வேறு சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. அவருடைய இடது தோளில் எப்போதும் ஒரு கன்றல் இருந்தது. சமையலறை வாசலில் இடித்துக்கொள்வார். "அந்த நிலை பதினஞ்சு வருஷமா அங்கதான் இருக்கு. நீங்கதான் புதுசா குடிவந்தவர் மாதிரி மோதறீங்க" என்றாள் மனைவி. ஒருநாள் கடைத்தெருவில் இடது பக்கம் நடந்து வந்தவளை விட்டுவிட்டுத் தனியாக அரை பர்லாங் போய்விட்டார். அவள் கூப்பிடாமல், எவ்வளவு தூரம் போகிறார் என்று நின்று பார்த்தாள். அவர் தேடிக்கொண்டு திரும்பி வந்து, அவள் பக்கத்திலேயே இரண்டு தடவை கடந்து போனார். அன்றைக்கு இரவே அவள் ஆரம்பித்தாள்.

"கண்ணைக் காட்டுங்களேன்."

"போன மாசம்தான் கம்பெனி டாக்டர் பாத்தாரு. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அதுக்குக் கீழ அச்சாபீஸ் பேர் போட்டிருந்துச்சு, அதையும் படிச்சேன்."

உண்மைதான், படித்தார். நேர் எதிரே இருப்பது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவருக்குத் தெரிந்தது.

வேலையிடத்தில், கான்கிரீட் வாளி ஒன்று இடது பக்கத்துச் சாரக் குழாயை உரசிச் சென்றது. குழாய் வளைந்தது, ஆள் யாரும் இல்லை. 'திடீர்க் காற்று' என்று விசில் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு வாக்கி-டாக்கியில் அவன் பேச்சு நீண்டது. முன்பெல்லாம் "இடது... போதும்... இறக்கு" என்பதோடு சரி. இப்போது, "இடதுல சாரம் இருக்குண்ணே, ரெண்டு ஆள் நிக்கறாங்க, ஒருத்தன் மஞ்சத் தொப்பி, மெதுவா, இன்னும் மெதுவா, இப்ப அவன் நகர்ந்துட்டான், வரலாம்" என்று சினிமாக் கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் அவருக்குச் சுள்ளென்று வந்தது. "ஏன்டா இவ்வளவு பேசற? நான் என்ன குருடனா?"

வாக்கி-டாக்கி கரகரத்தது. அவர் கீழே பார்த்தார். விசில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "இறக்கலாம்ணே" என்று மட்டும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று அதிகம். மனைக்கற்களுக்கு நடுவே முளைத்திருந்த புல்லெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. விசில், "இன்னிக்கு வேணாம்ணே, டீ குடிச்சிட்டுத் திரும்பிடலாம்" என்றான். "இந்தக் காத்துக்காகத்தானே கம்பியே போட்டேன்" என்று சொல்லி அவர் இரும்புத் துண்டுகளை முழுதாகச் செருகினார்.

அது ஏறியது. ஏறிய வேகத்தில் கார்பன் குழாய் 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தது. மிதக்கும் பறவையின் சத்தமாக அது இல்லை. பத்து நிமிடம் நன்றாகப் பறந்தது. விசில் வழக்கம்போல அவருக்கு இடப்பக்கம் இருபதடி முன்னால் நின்று, "மேல இருக்கு, வலது வருது, திரும்புது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இறக்குவதற்காக அவர் அதைத் தாழ்த்திக் கொண்டுவந்தார். காற்று தள்ள, அது வேகம் பிடித்தது. ரிமோட்டைப் பார்க்க ஒரு தடவை குனிந்தார்.

நிமிர்ந்தால் இல்லை.

"இடதுண்ணே! தாழ வருது! தூக்குங்க!"

அவர் இடது பக்கம் திருப்பினார். விசில் சொன்னது அது இருக்கும் இடத்தை. அவர் செய்தது அதை அந்தப் பக்கமே வளைத்தது. "தூக்குங்க! தூக்குங்கண்ணே!" வெறும் வானத்தைப் பார்த்தபடி விசையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு ஒரு சத்தம். பச்சை மரக்கிளை முறிவதுபோல.

தலையைத் திருப்பினார். விசில் புல்லில் உட்கார்ந்திருந்தான். கையால் முகத்தைப் பொத்தியிருந்தான். விரல்களுக்கிடையே ரத்தம் முழங்கை வரை வழிந்தது. பக்கத்தில் கிளைடர் கவிழ்ந்து கிடந்தது. அதன் மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

கன்ன எலும்பு மூன்றாக உடைந்திருந்தது. அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாயங்காலம், முகத்தில் பாதியைத் துணி மறைத்திருக்க, விசில் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். வாயை முழுதாகத் திறக்க முடியாமல் பேசினான்.

"அண்ணே, நான் ரெண்டு கையையும் ஆட்டினேன். குதிச்சேன். உங்களுக்கு முன்னாடிதான் நின்னேன். நீங்க என்னப் பாக்கவே இல்ல."

"காத்துல..."

"காத்து இல்லண்ணே." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "போன மழைக்காலத்துலருந்தே எனக்குத் தெரியும். உங்களுக்கு இடது பக்கம் தெரியல. நான் சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். நான் இல்லாதப்ப மேல ஏறாதீங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் செய்யவில்லை. "வலியில பேசாத, படு" என்றார்.

திங்கட்கிழமை ஏறினார்.

ஏன் ஏறினார் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கம்பி கட்டும் ஆட்கள் பதினேழாவது மாடியில் காத்திருந்தார்கள். ஏணி வழக்கம்போல இருந்தது. கூண்டில் உட்கார்ந்ததும் தூரத்து மலை வரை பளிச்சென்று தெரிந்தது. 'இவ்வளவு நல்லாத் தெரியுதே' என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

கீழே புதிதாக வந்த சிக்னல்காரப் பெண். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சரியாகப் பேசினாள். "ஏத்துங்க. போதும். இடது." அவ்வளவுதான். கதை இல்லை, மஞ்சள் தொப்பி இல்லை. கம்பிக்கட்டு தரையிலிருந்து கிளம்பி, பன்னிரண்டு மாடி ஏறி, கிரேனின் நீண்ட கை இடப்பக்கம் திரும்பத் தொடங்கியபோதுதான் அவருக்கு அந்த மௌனம் உறைத்தது. இத்தனை மாதமாகத் தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைத்ததில் பாதியைக் காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

நிறுத்தினார். கண் எதையும் காட்டவில்லை. கை தானாக நிறுத்தியது. ஒரு டன் கம்பிக்கட்டு கயிற்றில் ஊசலாடியது. அவர் தலையை மட்டுமல்ல, உடம்பையே முழுதாக இடது பக்கம் திருப்பிப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டடத்தின் வெளிச்சுவரில், சாயம் பூசுபவர்களின் தொங்குமேடை இறங்கியிருந்தது. அதில் இரண்டு பேர். ஒருவன் மேடையின் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் சாய உருளையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். ஆடி வரும் கம்பி முனைகள் அவன் நெஞ்சுக்கு எதிரே ஒரு கை நீளத்தில் வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தன. அவன் கம்பியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். 'உனக்கு நான் தெரியவில்லையா?' என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. கோபம்கூட இல்லை.

ஊசல் நிற்கும்வரை அவர் விசையைப் பிடித்தபடி இருந்தார். பிறகு வந்த வழியே வலப்பக்கமாகத் திருப்பி, கம்பிக்கட்டைத் தரையில் இறக்கினார். கொக்கியை மேலே இழுத்தார். காற்று அடிக்கிற பக்கம் கிரேனின் கை தானாகத் திரும்பிக்கொள்ளும்படி பிரேக்கை விடுவித்தார். கிரேனை விட்டு இறங்குகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது அது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

தகரக் கொட்டகையில் இருந்த என்ஜினியர் அவரைப் பார்த்து எழுந்தே விட்டார். பகல் பதினோரு மணிக்கு மேல்வீட்டைத் தரையில் யாரும் பார்த்ததில்லை.

"என்ன சார், கிரேன் ரிப்பேரா?"

"கிரேன் நல்லா இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல."

"விளையாடாதீங்க. இப்பதானே மெடிக்கல் பாஸ் பண்ணீங்க? இந்த வாரம் மட்டும் முடிச்சுக் குடுங்க, அப்புறம் லீவு எடுத்துப் போய்க் காட்டுங்க."

அவர் சாவியை மேசைமேல் வைத்தார். "நான் மறுபடி ஏறினா யாராவது சாவாங்க சார். அது யாருன்னு எனக்குத் தெரியக்கூடத் தெரியாது."

கண் மருத்துவமனையில் அவரை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து உட்காரச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டார்கள். நடுப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மின்னியது, அழுத்தினார். மின்னியது, அழுத்தினார். பிறகு ஒன்றுமே வரவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கருவி மட்டும் உள்ளே 'டிக் டிக்' என்றது.

"மெஷின் நின்னுடுச்சு போலம்மா. லைட்டே வரல."

"வந்துட்டுத்தான் இருக்கு சார்" என்றாள் நர்ஸ், மெல்ல.

பின்னால் நாற்காலியில் இருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த வெளிச்சங்கள் தெரிந்தன. இடது பக்கம் முழுக்க, ஒன்று மாற்றி ஒன்று.

டாக்டரம்மா தாளைக் காட்டினார். வெள்ளைக் கட்டத்தில் கரியைக் கொட்டியதுபோல் இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது. வலி இருக்காது, நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும்.

"ஆனா எனக்கு இடது பக்கம் கறுப்பா ஒண்ணும் தெரியலியேம்மா" என்றார் அவர்.

"கறுப்பா தெரியாது. இல்லாத இடத்த மூளை பக்கத்துல இருக்கறத வெச்சு நிரப்பிடும். வானம்னா வானத்தையே போட்டு நிரப்பிடும்."

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். "எவ்வளவு நாளா இருக்கும்?" என்று கேட்டார். "நாலஞ்சு வருஷம் ஆகியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அந்த நாலைந்து வருடத்தில் தான் எழுப்பிய கட்டடங்கள் எத்தனை, அவற்றின் அடியில் நடந்துகொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

விசிலைப் பார்க்கப் போனபோது மனைவியும் வந்தாள். பழங்களை மேசையில் வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்: "தெரிஞ்சிருந்தும் சொல்லலியா நீங்க?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன் அண்ணி."

"யாரு வேலை?"

விசில் யோசித்தான். "ரெண்டு பேரோடதும்தான்" என்றான். அவள் அதற்கு மேல் அவனைத் திட்டவில்லை. கன்னத்தில் வைத்த தகட்டோடு அவன் மறுபடி வேலைக்குப் போனான். அந்தப் பக்கத்து உதடு மரத்துவிட்டதால் சிரிப்பு கோணலாகிவிட்டது, விசில் ஊதவும் வரவில்லை. கம்பெனி அவரைக் கிடங்கில் போட்டது. இரும்புக் கயிறுகளில் இழை விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற வேலை. கிளைடரை அவர் மறுபடி தொடவில்லை. ஒருநாள் மனைவி அதை மடித்துக் குப்பைக்குப் போட முயன்று, மடிக்க முடியாமல் விட்டாள்.

டாக்டரம்மா கடைசியாகக் கேட்டிருந்த ஒரு கேள்விதான் அவரைத் தூங்கவிடவில்லை. "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களும் உடனே பாக்கணும். இது குடும்பத்துல ஓடும்."

ஒரே தம்பி. ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருந்தான். பஸ் டிரைவர்.

தொலைபேசியில் சொன்னதற்கு அவன் சிரித்தான். "லீவு சீசன்ணே. இப்ப கேட்டா ஆளைக் கடிச்சுத் துப்பிடுவாங்க. அடுத்த மாசம் பாக்கறேன்." அடுத்த மாதமும் அதையே சொன்னான். மூன்றாவது மாதம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிப் போய், தம்பி ஓட்டும் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தம்பிக்கு ஒரே சந்தோஷம். நாற்பத்தெட்டுப் பயணிகள். பின்சீட்டில் ஒரு குழந்தை பாடிக்கொண்டே வந்தது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த தம்பியின் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில், டீக்கடை ஓரம் பஸ் பத்து நிமிடம் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் தம்பியை பஸ்ஸின் நிழலுக்கு அழைத்துப் போனார்.

"வலது கண்ண மூடு. என் மூக்க மட்டும் பாரு. கண்ண அசைக்கக் கூடாது. எத்தனை விரல்னு சொல்லு."

"சின்னப் பிள்ள விளையாட்டாண்ணே?" தம்பி சிரித்துக்கொண்டே மூடினான்.

அவர் கையைத் தம்பியின் இடது பக்கமாக நீட்டி மூன்று விரலைக் காட்டினார். மெல்ல அசைத்தார். கொஞ்சம் மேலே கொண்டுபோனார். தம்பி அவர் மூக்கையே பார்த்தபடி, சிரிப்பு மாறாமல் நின்றான்.

"சொல்லுடா."

"கைய நீட்டினாத்தானே சொல்றதுக்கு?" என்றான் தம்பி.

அவர் கையை இறக்கவில்லை. "கண்ணத் திற" என்றார். தம்பி திறந்து, நீட்டியிருந்த கையைப் பார்த்தான். சிரிப்பு உதட்டில் இருந்தபடியே செத்தது.

கண்டக்டர் கதவைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். அண்ணன் படியேறிப் போய் பஸ் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். வேறு டிரைவர் வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை வெயிலில் நின்ற பயணிகள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒருவர் அவருடைய சட்டையையே பிடித்தார். அவர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்துவதும் எடுப்பதும், மறு கண்ணைப் பொத்துவதும் எடுப்பதுமாக, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.